கிரெடிட் கார்டு வட்டியைக் குறைக்கச் சொல்லி நான்கு மாதமாக அலைகிறேன். யாருக்காவது குறைத்துக் கொடுத்திருக்கிறார்களா?

பவானிக்கரை · ஞாயிறு, இரவு 9:20

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு என்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டில் வந்தது போக மீதியை டிஸ்சார்ஜ் அன்றே கட்டச் சொன்னார்கள். கையில் இருந்தது போதவில்லை. கார்டைத் தேய்த்தேன், 1,18,000 ரூபாய். அப்பா இப்போது காலையும் மாலையும் வாய்க்கால் கரையில் நடக்கிறார். அந்தச் செலவில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தம். முதல் இரண்டு மாதம் இருபதாயிரம், பதினைந்தாயிரம் என்று கட்டினேன். அப்புறம் தீபாவளி, தங்கை வீட்டில் சீர், பிள்ளைக்கு இரண்டாம் பருவக் கட்டணம். சம்பளம் அதிலேயே போய்விட்டதால் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத் தேய்த்தேன். பில்லுக்கு மினிமம், அதாவது வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். இன்றைய பாக்கி 1,40,000. வட்டி மாதம் 3.6 சதவீதம்.

வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை பேசிவிட்டேன். முதல் முறை பேசிய பெண் நல்லவிதமாகத்தான் பேசினார், ஆனால் "வட்டி விகிதத்தை மாற்ற எங்களுக்கு வழி இல்லை சார்" என்றார். இரண்டாவது முறை, மூன்று மாதம் கழித்துப் பேசச் சொன்னார்கள். மூன்றாவது முறை, "ஈஎம்ஐ ஆக மாற்றிக்கொள்ளுங்கள், செயலியிலேயே இருக்கும்" என்றார்கள். செயலியைத் திறந்தால் "தகுதியான பரிவர்த்தனைகள் இல்லை" என்று வருகிறது. நான்காவது முறை 25 நிமிடம் காத்திருந்தேன். வட்டியைக் குறைக்க முடியாது, வேண்டுமானால் லிமிட்டை இரண்டு லட்சமாக ஏற்றித் தருகிறோம் என்றார்கள். அன்று போனை வைத்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆறு வருடமாக அந்த வங்கியில்தான் சம்பளக் கணக்கு. ஒரு முறைகூடப் பணம் கட்டாமல் விட்டதில்லை. கேட்டால் குறைக்க மாட்டார்களா? யாருக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

வட்டிக்கணக்கு · ஞாயிறு, இரவு 10:05

நண்பரே, முதலில் நீங்கள் கட்டும் பணம் எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம்.

1,40,000-க்கு 3.6 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி 5,040. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 907. இரண்டும் சேர்ந்து 5,947. மினிமம் பாக்கியில் 5 சதவீதம் என்றால் 7,000. அதாவது நீங்கள் கட்டும் ஏழாயிரத்தில் அசலில் கழிவது 1,053 ரூபாய்தான். அந்த மாதம் மளிகைக்கு ஆயிரத்து நூறு ரூபாய் தேய்த்தால் அதுவும் போச்சு. நாள் கணக்கில் வட்டி போடுவதால் நூறு, ஐம்பது முன்னே பின்னே வரும், ஆனால் நிலவரம் இதுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று. வங்கியில் வாங்கும் வீட்டுக்கடன், நகைக்கடன், தனிநபர் கடன் எதிலும் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. ஆக உங்கள் 3.6 உண்மையில் மாதம் 4.25. ஆண்டுக்குக் கூட்டினால் 51 சதவீதம் வரும், கூட்டுவட்டி போடாமலே.

நேர்வழி · திங்கள், காலை 7:15

மருத்துவச் செலவு சரி. தீபாவளிக்கும் சீருக்கும் தேய்த்தது யார்? வரவுக்கு மீறிச் செலவு செய்துவிட்டு வங்கியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. கார்டு வாங்கும்போதே வட்டி எவ்வளவு என்று எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள்.

மல்லிகைப்பந்தல் · திங்கள், காலை 8:40

நேர்வழி அண்ணா, அவர் வங்கியைத் திட்டவில்லை. வாங்கிய கடனைக் கட்டத்தான் வழி கேட்கிறார். தங்கைக்குச் சீர் செய்யாமல் இருந்துவிட முடியுமா நம் ஊரில்?

எழுதித்தான் தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் "3.6" என்று பார்த்தால் அது மாதத்துக்கு என்று எத்தனை பேருக்கு உறைக்கிறது? எங்கள் பக்கம் கைமாற்று வாங்கினால் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்பார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு, மூன்று ரூபாய் என்பது பாட்டிக்கும் தெரியும். மூன்று வட்டிக்கு வாங்கினேன் என்றாலே "அவ்வளவு முடையா?" என்று கேட்பார்கள். அதே மூன்றரை வட்டி பிளாஸ்டிக் அட்டையில் வரும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. என் வீட்டுக்காரர் பொறியாளர். அவரே வருடத்துக்கு 3.5 என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற காசாளர் · திங்கள், காலை 11:30

தம்பி பவானிக்கரை, பொதுத்துறை வங்கியில் 33 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போனில் பேசும் பிள்ளைகளுக்கு வட்டியை மாற்றும் அதிகாரம் கிடையாது. அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் அதற்கு இடமே இருக்காது. எந்த வகைக் கார்டுக்கு எவ்வளவு என்று வங்கியின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்த கொள்கையில் இருக்கும். நீங்கள் நான்கு முறை இல்லை, நாற்பது முறை பேசினாலும் அந்தப் பிள்ளைகள் அதையேதான் சொல்வார்கள். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம்.

சட்டத்திலும் இப்போதைக்குக் கதவு அடைத்துத்தான் இருக்கிறது. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போய்த் தடை வாங்கின. வழக்கு பல வருடம் கிடந்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டிக்கு உச்சவரம்பு வைப்பது ஆணையத்தின் வேலை இல்லை, அது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்பது சாரம். ரிசர்வ் வங்கியோ எண் எதையும் நிர்ணயிக்கவில்லை. அதிகமாக இருக்கக்கூடாது, உச்சவரம்பை வங்கிகளே வைத்துக்கொள்ளட்டும் என்கிற அளவில்தான் நிற்கிறது. நம் மாநிலத்தில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. அது வங்கிக் கார்டை எட்டிப் பார்க்காது.

2025-ல் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 6.5-லிருந்து படிப்படியாக 5.25-க்கு இறங்கியது. வீட்டுக்கடன் வைத்திருப்பவர்களுக்குத் தவணை குறைந்தது. கார்டு வட்டி எந்த வெளி விகிதத்தோடும் கட்டப்பட்டதில்லை என்பதால் அதற்கு இந்தக் குறைப்பு போய்ச் சேரவில்லை.

ஆகவே வட்டியைக் குறையுங்கள் என்று கேட்காதீர்கள். "இந்தப் பாக்கியை மாதத் தவணையாக மாற்றிக் கொடுங்கள், கட்டும் எண்ணம் இருக்கிறது, இதோ சம்பளச் சீட்டு" என்று குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். முகவரி பில்லின் பின்பக்கத்தில் இருக்கும். எழுத்தில் போனால் படித்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருப்பார். அதோடு கடந்த ஆறு மாத பில்லை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளின்படி கெடு தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். கட்டாமல் நிற்கும் கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து வட்டி போடக்கூடாது. இதில் தவறு இருந்தால் விடாதீர்கள்.

ஓஎம்ஆர் ஊழியன் · திங்கள், இரவு 11:50

எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். என் கதையைப் படித்தாவது யாராவது தப்பிக்கட்டும்.

மூன்று கார்டு. முதல் கார்டின் கெடு தேதி 5, இரண்டாவதுக்கு 14, மூன்றாவதுக்கு 22. வட்டி வராமல் இருக்க "ரொட்டேஷன்" விட்டேன். வேளச்சேரியில் ஒரு மொபைல் கடை. உள்ளே போய் "கார்டுக்குப் பணம்" என்று சொன்னால் போதும். அவர் மிஷினில் ஐம்பதாயிரம் தேய்ப்பார், இரண்டு சதவீதம் எடுத்துக்கொண்டு 49,000 ரொக்கம் தருவார். அதை இன்னொரு கார்டுக்குக் கட்டுவேன். வாடகை கட்டும் செயலியிலும் அம்மாவை வீட்டு உரிமையாளர் என்று போட்டு எடுத்திருக்கிறேன்.

இரண்டு சதவீதம், 3.6-ஐவிடக் குறைவுதானே என்று நினைத்தேன். மூன்று கார்டுக்கும் மாதாமாதம் இரண்டு சதவீதம் போய்க்கொண்டே இருந்தது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பதினான்கு மாதம் இப்படி ஓடியது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்து செயலிகளில் வாடகை வசதி நின்றது. அதே மாதம் ஒரு வங்கி, ஒரே கடையில் முழுத் தொகைக்குத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதைக் கவனித்து என் கார்டை முடக்கியது. சங்கிலி அறுந்தது. மூன்று பில்லும் ஒரே மாதத்தில் என் தலையில் விழுந்தன.

இப்போது 3,80,000-க்குத் தனிநபர் கடன் எடுத்து அடைத்துவிட்டு 48 மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். வட்டி 15.5. பவானிக்கரை அண்ணா, யார் சொன்னாலும் ரொட்டேஷன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

மட்டுறுத்துநர் · செவ்வாய், காலை 6:30

"உங்கள் கார்டு கடனைப் பாதியாக முடித்துத் தருகிறோம்" என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். முன்பணம் கேட்பவர்களிடம் கார்டு எண், ஓடிபி எதையும் கொடுக்காதீர்கள்.

பவானிக்கரை · புதன், இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. ஓஎம்ஆர் தம்பி, நீங்கள் எழுதியதை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன்.

காசாளர் ஐயா சொன்னபடி பில்களை எடுத்துப் பார்த்தேன். தை மாத பில்லில் 1,100 ரூபாய் தாமதக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 1,298. கெடு தேதி 9, ஞாயிற்றுக்கிழமை. நான் கட்டியது 11. இரண்டே நாள்! எழுதிக் கேட்டிருக்கிறேன். தவணைக்கும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு வங்கியில் பேலன்ஸ் டிரான்ஸ்பர், அதாவது பாக்கியை அவர்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்வது, கேட்டுப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மாதம் 1 சதவீதம்தான் என்று விளம்பரம். விண்ணப்பித்தால் 60,000 லிமிட்டுக்குத்தான் கார்டு தந்தார்கள். அதிலும் 45,000 மட்டும்தான் மாற்றலாமாம். ஆறு மாதத்தில் முடிக்காவிட்டால் பழையபடி 3.6. வேண்டாம் என்றுவிட்டேன். விண்ணப்பித்ததற்காக என் சிபில் (கடன் வரலாற்று) மதிப்பெண் 11 இறங்கியதுதான் கண்ட பலன்.

ஒன்று புரியவில்லை. போன வருடம் நான் முழுத் தொகையும் கட்டிக்கொண்டிருந்தபோது வாரம் ஒரு குறுஞ்செய்தி வரும், "உங்கள் 8,000 ரூபாயை ஈஎம்ஐ ஆக்குங்கள்" என்று. இப்போது உண்மையிலேயே தேவைப்படும்போது தகுதி இல்லை என்கிறது. ஏன்?

ஓய்வுபெற்ற காசாளர் · புதன், இரவு 9:30

முழுதாகக் கட்டுபவனிடம் வங்கிக்கு வட்டி வராது. அவனைத் தவணைக்குள் இழுத்தால் லாபம். மினிமம் மட்டும் கட்டுபவன் ஏற்கெனவே 43 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கிறான், அவனைத் தவணைக்கு மாற்றி 16-க்கு இறக்கிவிட்டால் நஷ்டம். தவிர நான்கு மாதம் தொடர்ந்து மினிமம் கட்டினால் அவர்கள் கணக்கில் நீங்கள் தடுமாறத் தொடங்கிய ஆள். செயலி மூடிக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

வங்கியின் பக்கமும் ஒன்று உண்டு. கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது. வராமல் போனால் போனதுதான். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கியே கார்டு பாக்கிக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தை உயர்த்தியது, இந்தக் கடன் இவ்வளவு வேகமாகப் பெருக வேண்டாம் என்று. அதை நான் ஏற்கிறேன். ஆனால் கட்ட முடியாதவனிடம் 43 வாங்கினால் அவன் இன்னும் முடியாதவனாகத்தான் ஆவான். 33 வருடம் கவுன்ட்டரில் நின்று பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

தெம்பனிஸ் தமிழன் · வியாழன், காலை 10:10

சிங்கப்பூரிலிருந்து. இங்கேயும் கார்டு வட்டி ஆண்டுக்கு 26, 27 சதவீதம். ஆனால் 2017-லிருந்து கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாக் கார்டு பாக்கியும் மாதச் சம்பளத்தைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டால் ஒரே வங்கி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு குறைந்த வட்டியில் தவணை போட்டுக் கொடுக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பழைய கார்டுகளை நிறுத்திவிடுவார்கள், அன்றாடத் தேவைக்கு ஒரு மாதச் சம்பள அளவில் ஒரே ஒரு கடன் வசதி. என் அண்ணன் அதில்தான் வெளியே வந்தார். அங்கே இப்படி ஏதாவது இருக்கிறதா?

ஓய்வுபெற்ற காசாளர் · வியாழன், காலை 11:00

இல்லை தம்பி. இங்கே அவரவர் தனிநபர் கடன் எடுத்து அடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பவானிக்கரை · ஒன்பது நாள் கழித்து, வெள்ளி, இரவு 8:00

பதில் வந்துவிட்டது. தாமதக் கட்டணம் 1,298 முழுதும் திரும்ப வந்தது! தொகை சின்னதுதான். ஆனால் இத்தனை மாதத்தில் நான் சொன்னதை அவர்கள் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் முறை.

தவணைக்கும் சம்மதித்திருக்கிறார்கள். 24 மாதம், ஆண்டு வட்டி 16, செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம். மாதம் 6,855. எடுத்துக்கொள்ளலாமா?

வட்டிக்கணக்கு · வெள்ளி, இரவு 8:50

43-லிருந்து 16 என்பது பெரிய விஷயம். நீங்கள் மினிமமாகக் கட்டிவந்த ஏழாயிரத்தை ஒட்டிய தொகைதான், ஆனால் இதில் இரண்டு வருடத்தில் கடன் முடிந்துவிடும்.

இருந்தாலும் முழுச் செலவையும் பாருங்கள். 24 மாத வட்டி 24,515. இதுவும் கார்டு என்பதால் வட்டிக்கு ஜிஎஸ்டி, 4,413. செயலாக்கக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 3,304. மொத்தம் 32,232. ஜிஎஸ்டி சேர்த்தால் அந்த 16 என்பது 18.88. மாதத் தவணைக்கு மேல் தனியாக ஜிஎஸ்டி வரும், முதல் மாதம் 336 ரூபாய். முன்கூட்டியே முடித்தால் அதற்கும் ஒரு கட்டணம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் நகை ஏதாவது இருக்கிறதா? எல்ஐசி பாலிசி? பாலிசி மேல் கடன் வாங்கினால் 9, 10 சதவீதத்தில் கிடைக்கும். வேலை பார்க்கும் இடத்தில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறதா?

பவானிக்கரை · வெள்ளி, இரவு 9:40

பாலிசி எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது, பெரிதாக ஒன்றும் தேறாது. ஆலையில் சங்கம் இல்லை. நகை இருக்கிறது. அம்மாவின் வளையல், மனைவியின் சங்கிலி. அம்மா முதல் நாளே எடுத்துக்கொள் என்றார். அப்பா உடம்புக்காக வந்த கடனுக்கு அம்மா கையைக் காலியாக்குவதா என்றுதான் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மல்லிகைப்பந்தல் · வெள்ளி, இரவு 10:30

தம்பி, நான் வைத்தேன். எட்டுப் பவுன். வீட்டுக்காரர் கார்டை அடைக்கத்தான். வங்கியில் தட்டானார் உரைத்துப் பார்த்து எடை போட்டு, துணிப்பையில் போட்டு அரக்கு முத்திரை வைக்கும்போது தொண்டை அடைத்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஆனால் அன்றிலிருந்து மாதம் ஒன்பதாயிரம் வட்டி கட்டியவர்கள் இரண்டாயிரத்துக்கு இறங்கினோம். மீதி ஏழாயிரத்தையும் அசலிலேயே கட்டினோம். கடைசியில் நகை வீட்டுக்கு வந்துவிட்டது.

அம்மா தானாக எடுத்துக்கொள் என்று சொல்லும்போது வாங்கிக்கொள்ளுங்கள். வளையலைப் பீரோவில் வைத்துக்கொண்டு மகன் மாதம் ஆறாயிரம் வட்டி கட்டுவதைப் பார்ப்பது அவருக்கு இன்னும் கஷ்டம்.

நேர்வழி · சனி, காலை 7:00

நகைக்கடனுக்கு நான் எதிர்ப்பு. காரணம் கேளுங்கள். என் சொந்த மச்சான் இப்படித்தான் நகையை வைத்துக் கார்டை அடைத்தார். கார்டு காலியானதும் கை பரபரத்தது. எட்டே மாதத்தில் மறுபடியும் ஒரு லட்சம். நகையும் போய், கார்டும் நிரம்பி, கடைசியில் ஏல நோட்டீஸ் வந்தது. அன்று நான் கடுமையாக எழுதியதும் அவரை நினைத்துத்தான். பவானிக்கரை, உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வைப்பதானால் அன்றைக்கே கார்டை வெட்டுங்கள். அல்லது லிமிட்டை இருபதாயிரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள்.

பவானிக்கரை · சனி, காலை 9:15

புண்படவில்லை அண்ணா. நீங்கள் கேட்ட கேள்வியை நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வட்டிக்கணக்கு · சனி, காலை 9:50

நேர்வழி சொல்லும் நிபந்தனையோடு நான் நகைக்கடன் பக்கம். 1,40,000-க்கு 9.5 சதவீதம் என்றால் மாத வட்டி 1,108. அதே ஏழாயிரம் கட்டினால் 22 மாதத்தில் முடியும், மொத்த வட்டி ஏறக்குறைய 13,000. தவணையில் 32,000. வித்தியாசம் 19,000 ரூபாய்.

ஒரு எச்சரிக்கை. வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். அதற்குள் உங்களுக்கு இன்னும் 66,000 பாக்கி நிற்கும். கெடுவுக்கு முன்பே போய்ப் புதுப்பிக்கும் முறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தெருவுக்கு ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனம் இருக்கிறது, அங்கே வட்டி இடத்துக்கு இடம் நிறைய மாறும். வங்கிக்கே போங்கள், இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

ஓஎம்ஆர் ஊழியன் · சனி, இரவு 11:20

ஒரு சந்தேகம் காசாளர் ஐயா. அந்த மூன்றும் போக எனக்குப் பழைய கார்டு ஒன்றில் 40,000 நிற்கிறது. பாதி கட்டினால் முடித்துவிடுகிறோம் என்று வசூல் ஆள் தினமும் போன் செய்கிறார். நேற்று இரவு ஒன்பதரைக்குப் பேசினார். ஒத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற காசாளர் · ஞாயிறு, காலை 6:45

இரவு ஒன்பதரைக்கு அவர் பேசவே கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக்கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தேதி, நேரம், எண் குறித்து வைத்து வங்கிக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு)ப் போகலாம், 14448-இல் வழி சொல்வார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், வட்டி அதிகம் என்று அங்கே புகார் கொடுத்தால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். தவறான கட்டணம், தொந்தரவு, பதில் தராதது, இவற்றைத்தான் எடுப்பார்கள்.

பாதி கட்டி முடிப்பது பற்றி. அப்படி முடித்தால் கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். "குளோஸ்டு" இல்லை. ஏழு வருடம் அந்தச் சொல் கூடவே வரும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்குச் சம்பளம் வருகிறது. 40,000-ஐ முழுதாகக் கட்டி முடிக்கும் வழியைப் பாருங்கள். வேலையே போய், வேறு போக்கே இல்லாதவர்களுக்குத்தான் அது.

பவானிக்கரை · பதினெட்டு நாள் கழித்து, வியாழன், இரவு 8:30

நகையை வைத்துவிட்டேன். ஊரில் உள்ள வங்கிக் கிளையில், 9.5 சதவீதம். அம்மாவும் கூட வந்தார். வளையலைக் கழற்றும்போது சோப்பு போட வேண்டியிருந்தது, முப்பது வருடமாகக் கழற்றாத வளையல். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம். அம்மா அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு "உன் வேலையைப் பார்" என்றார்.

அன்று மாலையே கார்டுக்கு 1,40,000 கட்டிவிட்டேன். லிமிட்டை இருபதாயிரத்துக்கு இறக்கச் சொல்லி எழுதியும் கொடுத்தேன்.

இன்று புது பில் வந்திருக்கிறது. வட்டி 1,823, ஜிஎஸ்டி 328, மொத்தம் 2,151. முழுப் பாக்கியும் கட்டிய பிறகு எதற்கு வட்டி? ஒரு பைசா புதிதாகத் தேய்க்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்தா?

வட்டிக்கணக்கு · வியாழன், இரவு 9:00

பதற வேண்டாம், இது தவறு இல்லை. போன பில் தேதியிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரை எத்தனை நாள்? 11 நாளா? 1,40,000-க்கு 11 நாள் வட்டி 1,823 சரியாக வருகிறது. பில்லில் இருந்த தொகை பில் போட்ட நாள் வரைக்குமான கணக்கு. நடுவில் ஓடிய வட்டி அடுத்த பில்லில் வரும். பாக்கி வைத்தவர்கள் எல்லோருக்கும் கடைசியில் இந்த வால் உண்டு. 2,151-ஐக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டிவிடுங்கள். இதை "சின்னத் தொகைதானே" என்று விட்டுவிட்டு சிபிலில் கறை வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இதே கணக்குதான் கொஞ்சம் குறைவாகக் கட்டினாலும். மார்ச் 5-ல் 30,000-க்குப் பொருள் வாங்குகிறீர்கள். பில் 20-ஆம் தேதி, கெடு ஏப்ரல் 9. அன்று 28,000 கட்டி இரண்டாயிரம் மட்டும் விடுகிறீர்கள். இரண்டாயிரத்துக்குத்தான் வட்டி என்று நினைப்போம். இல்லை. மார்ச் 5-லிருந்து 35 நாளுக்கு முழு முப்பதாயிரத்துக்கும் வட்டி, அதன் பிறகு அடுத்த பில் நாள் வரை மீதி இரண்டாயிரத்துக்கும் வட்டி. ஏப்ரல் பில்லில் ஜிஎஸ்டியோடு 1,497 ரூபாய் வரும், இரண்டாயிரம் பாக்கிக்கு! அதோடு புதிதாக வாங்குவதற்கெல்லாம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மல்லிகைப்பந்தல் · வியாழன், இரவு 9:20

இந்த வால் எங்களுக்கும் வந்தது. நான்கு நாள் தூங்கவில்லை நான். யாராவது முன்பே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பவானிக்கரை · அடுத்த மாதம், செவ்வாய், இரவு 7:50

இந்த மாத பில்: செலுத்த வேண்டிய தொகை 0.00. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று வங்கியிலிருந்து அழைப்பு. லிமிட்டை மூன்று லட்சமாக்கித் தருகிறார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் ஏற்றக்கூடாது என்று விதி இருப்பதைக் காசாளர் ஐயா தனிச்செய்தியில் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். சரி சார் என்று வைத்துவிட்டார்கள்.

ஒரு சந்தேகம். நகைக்கடனுக்கு மாதாமாதம் ஏழாயிரம் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? ஓராண்டு கழித்து மொத்தமாகத்தான் கட்ட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஓய்வுபெற்ற காசாளர் · செவ்வாய், இரவு 8:15

வாங்கிக்கொள்வார்கள். கடன் கணக்கு எண்ணை எழுதிக் கவுன்ட்டரில் கட்டுங்கள். அதுவரையிலான வட்டி போக மீதி அசலில் கழிந்திருக்கிறதா என்று ரசீதைப் பார்த்துவிட்டு நகருங்கள். முதல் தேதி கூட்டம் அதிகமாக இருக்கும், மூன்றாம் தேதிக்கு மேல் போங்கள்.